விளைச்சல் வந்துச்சு, நஷ்டமும் வந்துச்சு, அந்த நஷ்டத்தை யாரு எழுதறது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை பல வருஷமா படிக்கிறேன், ஆனா லெட்டர் எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நாள் முன்னாடி மக்காச்சோளத்துல படைப்புழு பத்தி ஒரு செய்தி போட்டிருந்தீங்க, அதோட கடைசி வரியில "தாக்குதல் இருந்தாலும் விளைச்சலில் பெரிய பாதிப்பு இல்லை"ன்னு முடிச்சிருந்தாங்க. அந்த ஒரு வரி ரெண்டு நாளா மண்டையிலயே சுத்திக்கிட்டு இருக்கு. அது பொய்னு நான் சொல்ல வரல ஐயா, விளைச்சல் வந்தது நிஜம்தான், எனக்கும் வந்துச்சு. ஆனா அந்த விளைச்சலைக் காப்பாத்த எவ்வளவு செலவாச்சுங்கிறது அந்த வரியில எங்கயும் இல்லயே, அதைத்தான் சொல்லலாம்னு எழுதறேன்.

முதல் தடவை அந்தப் படைப்புழு என் காட்டுக்கு வந்தப்ப என்னன்னே எனக்குத் தெரியல. நாத்து முழங்கால் உயரம் கூட வரல, இலையில அங்கங்க பச்சையை மட்டும் சுரண்டி எடுத்துட்டு கண்ணாடித்தாள் மாதிரி வெள்ளையா விட்டிருந்துச்சு, வெட்டுக்கிளியா இருக்கும்னு விட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா விரியற இலையெல்லாம் வரிசையா ஓட்டை, குருத்துக்குள்ள ஈரமான மரத்தூளை அடைச்சு வச்ச மாதிரி எச்சம். குருத்தைக் கையால பிரிச்சேன், உள்ள ஒரே ஒரு புழு, தலையில இங்கிலீஷ் ஒய் எழுத்தைத் தலைகீழா போட்ட மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் நாலு கரும்புள்ளி சதுரமா. பக்கத்துச் செடியைப் பிரிச்சா அதுலயும் ஒண்ணு, அடுத்ததுலயும் ஒண்ணு. ஒரு குருத்துக்கு ஒரு புழுதான் இருக்கும், ஏன்னா பெருசானதும் ஒண்ணை ஒண்ணு தின்னுரும்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு பாட்டில்ல நாலு புழுவைப் போட்டு எடுத்துக்கிட்டு ஒரு ஆபீஸுக்குப் போனேன், அங்க இருந்தவர் பாட்டிலை வெளிச்சத்துல ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டு "இது வழக்கமா வர்ற தண்டுத்துளைப்பான்தான், மருந்து அடிங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அடிச்சேன். அந்த எச்சம் மூடி போட்ட மாதிரி குருத்தை அடைச்சிருக்கறதால மருந்து உள்ள இறங்கவே இல்ல, அந்தச் செலவு அப்படியே மண்ணுக்குப் போச்சு. மறுபடி வேற மருந்து, ஒவ்வொரு குருத்துக்குள்ளயும் நாசிலை விட்டு அடிக்கணும், அதுவும் சாயங்காலம் புழு மேல வர்ற நேரத்துல. பத்து ஆள் பத்து நாள் செய்ய வேண்டிய களை வேலையை விட்டுட்டு இதுக்கு ஓடினோம். அதுக்கப்புறம் மூணாவது ஸ்ப்ரே.

கடைசியில கதிர் வந்துச்சு. எடை போட்டா முந்தின வருஷத்தைவிட கொஞ்சம்தான் கம்மி. கணக்கெடுக்க வந்தவங்க எடையைக் கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க, போயிட்டாங்க. மருந்துக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, கடன் வாங்கினீங்களான்னு ஒருத்தர் கேக்கல. அவங்க எழுதிக்கிட்ட கணக்குல எனக்கு நஷ்டமே இல்ல. வீட்டு நோட்டுல பார்த்தா அந்த வருஷம் நான் சும்மா உழைச்சிருக்கேன்.

படைப்புழு ஒரு அந்நிய இனம், அதாவது வேற நாட்டுல இருந்து வந்து இங்க பரவினது. அதைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. வெளியூர்ல இருந்து வந்த எல்லாமே கெடுதல் இல்ல, மக்காச்சோளமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த பயிர்தான். சொந்த இடத்துல ஒரு பூச்சியைத் தின்ன குளவி, அதுக்கு நோய் கொடுக்கிற பூஞ்சை, வைரஸ் எல்லாம் கூடவே இருக்கும், அதனால அது கட்டுக்குள்ள இருக்கும். அதே பூச்சி அந்த எதிரிங்க ஒண்ணும் இல்லாம தனியா ஒரு புது இடத்துக்கு வந்து எறங்கினா அதைத் தடுக்க ஆள் இல்ல. படைப்புழு அப்படித்தான், காலங்காலமா அமெரிக்காவுலயே இருந்தது, 2016ல ஆப்பிரிக்காவுல தென்பட்டுச்சு, 2018 மே மாசம் இந்தியாவுல கர்நாடகாவுல, 2019 ஆரம்பத்துல சீனாவுல, 2020 ஆரம்பத்துல ஆஸ்திரேலியாவுல. நாலே வருஷம் ஐயா. அந்தப் புழு வளர்ந்து மாறுற அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில நூறு கிலோமீட்டர் பறக்கும், எல்லைக்கோடு அதுக்கு என்ன தெரியும்.

கேபி (CABI)-ன்னு ஒரு சர்வதேச வேளாண் அமைப்பு 2017ல ஒரு மதிப்பீடு போட்டாங்க, ஆப்பிரிக்காவுல 12 நாட்டுல மட்டும் இந்தப் புழுவைக் கட்டுப்படுத்தாம விட்டா வருஷத்துக்கு 83 லட்சம் டன்ல இருந்து 2 கோடியே 6 லட்சம் டன் வரைக்கும் மக்காச்சோளம் போகும், மதிப்பு 248 கோடி டாலர்ல இருந்து 619 கோடி டாலர் வரைக்கும்னு. பெரிய நம்பர்தான், அரசாங்கங்களை அசைய வச்ச நம்பர், நான் மதிக்கிறேன். ஆனா அதுவும் போன மக்காச்சோளத்தோட கணக்குதான். காப்பாத்தின மக்காச்சோளத்துக்கு என்ன செலவாச்சுங்கிற கணக்கு தனியா எழுதணும், அது எழுதப்படறதே இல்ல. இன்னொண்ணும் இருக்கு, மூணு ஸ்ப்ரேக்கு வக்கில்லாதவன் அடுத்த போகம் மக்காச்சோளமே போட மாட்டான். போடாத பயிருக்கு யாரு நஷ்டக் கணக்கு எழுதுவா? அவன் காடு தரிசாக் கிடக்கும், கோழித்தீவனக்காரன் வேற எங்கயாவது வாங்குவான், புள்ளிவிவரத்துல "பரப்பளவு குறைந்தது"ன்னு ஒரு வரி வரும், புழு பேரே அதுல இருக்காது.

நெல்லுல இதே கதை தங்க ஆப்பிள் நத்தைக்கு நடந்துச்சு. தென் அமெரிக்காவுல இருந்து 1980 வாக்குல தைவானுக்குக் கொண்டு வந்தாங்க, வளர்த்து வித்தா நல்ல காசுன்னு சொல்லி. அங்க இருந்து பிலிப்பைன்ஸ், அப்புறம் தென்கிழக்கு ஆசியா முழுக்க. ஜனங்களுக்கு அதோட ருசி பிடிக்கல, வியாபாரம் படுத்துருச்சு, வளர்த்தவங்க வாய்க்கால்ல கொட்டிட்டுப் போயிட்டாங்க. அது வயலுக்குள்ள வந்து இளநாத்தை ராத்திரியோட ராத்திரியா அடியோட கத்தரிச்சுத் தின்னுரும், காலையில போனா தண்ணி மட்டும் நிக்கும். அதுக்கப்புறம் விவசாயி என்னெல்லாம் மாத்திக்க வேண்டியதாச்சுன்னு பாருங்க, நேரடி விதைப்பை விட்டுட்டு வயசான நாத்தா நடணும், வயல்ல தண்ணியை வடிச்சு வைக்கணும், செடியில ரோஸ் கலர்ல கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கிற முட்டையைக் கையால உரிச்சுப் போடணும், போன நாத்துக்குப் பதிலா திரும்ப நடணும், சேத்துல கிடக்கிற உடைஞ்ச ஓடு வேற காலைக் கிழிக்கும். இதுல எந்த வேலைக்கு யாரு கூலி கொடுத்தா? வாய்க்கால்ல கொட்டினவன் கொடுத்தானா?

எனக்கு ரொம்ப ஆத்திரமா இருக்கறது இந்த விஷயம்தான். கொண்டு வர்றது ஒருத்தன், கட்டுறது இன்னொருத்தன். ஆஸ்திரேலியாவுல 1859ல ஒரு பண்ணைக்காரர் வேட்டையாடுற பொழுதுபோக்குக்காக 24 முயலை அவிழ்த்து விட்டாரு, அது கண்டம் முழுக்கப் பரவி மேய்ச்சலையும் பயிரையும் மொட்டையடிச்சது, இன்னைக்கு வரைக்கும் அங்க இருக்கிற விவசாயி முயலுக்குச் செலவு பண்ணிக்கிட்டு இருக்கான். 1966ல ஒரு சின்னப் பையன் ஹவாய்ல இருந்து மூணே மூணு ஆப்பிரிக்க ராட்சச நத்தையை மியாமிக்கு எடுத்துட்டுப் போனான், அவன் பாட்டி அதைத் தோட்டத்துல விட்டுட்டாங்க, ஏழு வருஷத்துல 18,000க்கு மேல ஆயிருச்சு, ஒழிக்க கிட்டத்தட்ட பத்து வருஷமும் பத்து லட்சம் டாலரும் ஆச்சு. சின்னப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல, அவனுக்கு என்ன தெரியும். விதையையும் செடியையும் மண்ணையும் செக் பண்ணாம கண்டெய்னர் கண்டெய்னரா அனுப்பற வியாபாரத்துக்கு எல்லாம் தெரியும், அது மேலதான் கோவம்.

2023ல ஐபிபிஇஎஸ்-ன்னு ஐ.நா. ஆதரவுல இயங்கற பல்லுயிர் அமைப்பு உலகம் முழுக்க ஆராய்ஞ்சு ஒரு ரிப்போர்ட் விட்டாங்க. மனுஷன் நடவடிக்கையால புது இடத்துக்குப் போய் நிலைச்ச இனம் 37,000க்கு மேல, அதுல 3,500க்கு மேல கெடுதல் பண்றது. 2019ல மட்டும் உலகத்துக்கு ஆன செலவு 42,300 கோடி டாலருக்கு மேல, 1970ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் செலவு நாலு மடங்காகிட்டு வருதாம். இதையெல்லாம்கூட பேப்பர்ல போட்டீங்க. ஆனா அதே ரிப்போர்ட்ல இன்னொரு விவரம் இருக்கு, அதை யாரும் பெருசா பேசல: அந்தச் செலவுல 92 சதவீதம் வந்த இனம் பண்ணின சேதாரம், தடுக்கவும் கட்டுப்படுத்தவும் செலவு பண்ணினது வெறும் 8 சதவீதம். வீடு எரிஞ்ச பிறகு போட்ட கணக்கு அந்த 92, ஒரு குடம் தண்ணி அந்த 8. உலக உணவு வேளாண் அமைப்பு சொல்ற மதிப்பு பூச்சிக்கு மட்டும் தனியா, அந்நியப் பூச்சிகளால உலகத்துக்கு வருஷம் குறைஞ்சது 7,000 கோடி டாலர் நஷ்டம்.

சீக்கிரமா கை வச்சா என்ன நடக்கும்ங்கிறதுக்கு லிபியாவைப் பாருங்க. ஆடு மாடு புண்ணுல ஒரு ஈ முட்டை வைக்கும், அதுல வர்ற புழு உயிரோட இருக்கும்போதே சதையைத் தின்னும்; அமெரிக்கக் கண்டத்தோட அந்த ஈ 1988ல லிபியாவுல இருக்கிறது தெரிய வந்துச்சு. அது ஆப்பிரிக்காவோட மத்த பகுதிக்குப் போயிருந்தா அங்க மேய்ச்சலை நம்பி இருக்கிற ஜனங்க கதியை நினைச்சே பார்க்க முடியாது. மெக்சிகோவுல ஒரு ஃபேக்டரியில அந்த ஈயையே கோடிக்கணக்குல வளர்த்து, கதிர்வீச்சு கொடுத்து மலடாக்கி, விமானத்துல லிபியாவுக்குக் கொண்டு வந்து மேல இருந்து தூவினாங்க. மலட்டு ஆண் ஈ கூட சேர்ந்த பொட்டை ஈ வைக்கிற முட்டை பொரியாது, பொட்டை ஈ ஒரே ஒரு தடவைதான் சேரும். 1990 கடைசியில ஆரம்பிச்சாங்க, 1992ல ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. சண்டை சச்சரவு இருந்த நாடுங்ககூட இதுல கை கோத்தாங்க, ஏன்னா பரவின பிறகு இதைச் செய்ய முடியாதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிருந்துச்சு.

பரவின பிறகும் வழியே இல்லன்னு இல்ல. அது சொந்த ஊர்ல யாருக்குப் பயப்பட்டுச்சோ அவங்களைக் கூட்டிட்டு வர்றது ஒரு வழி. ஆப்பிரிக்காவுல 1970கள்ல மரவள்ளியில மாவுப்பூச்சி வந்து கோடிக்கணக்கான பேரோட சாப்பாட்டையே அடிச்சப்ப ஹான்ஸ் ஹெரன்ங்கிற விஞ்ஞானியும் அவரோட டீமும் தென் அமெரிக்காவுல தேடி, பராகுவேல கண்டுபிடிச்ச ஒரு துக்கடா குளவியைக் கொண்டு வந்து 1981ல நைஜீரியாவுல விட ஆரம்பிச்சாங்க, அது பரவிப் பரவி மாவுப்பூச்சியை அடக்கிருச்சு, 1995ல அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க. அந்தக் குளவிக்கு விவசாயி ஒரு பைசா கட்டல. இந்தியாவுல 2008ல பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ல தென்பட்டு, பப்பாளி மட்டும் இல்லாம மல்பெரி, மரவள்ளி, பருத்தின்னு ஏறினப்பவும் அதுதான் நடந்துச்சு, 2010ல போர்ட்டோரிக்கோவுல இருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவிச்சு விட்டாங்க, சில மாசத்துல அடங்குச்சு. நடுவுல போன ரெண்டு வருஷம் இருக்கே, அந்த ரெண்டு வருஷத்துல பப்பாளி மரத்தை வெட்டிப் போட்டவன், மருந்தா அடிச்சு அடிச்சு ஓஞ்சவன், பட்டுப்புழு வளர்க்க இலை இல்லாம விட்டவன், அவங்க கணக்கெல்லாம் எதுல சேர்ந்துச்சு?

இதுல கவனமும் வேணும். 1935ல ஆஸ்திரேலியாக்காரங்க கரும்பு வண்டைத் தின்னும்னு ஹவாய்ல இருந்து தேரையைக் கொண்டு வந்தாங்க, அது வண்டைத் தின்னல, அதுவே பெரிய அந்நிய இனமாயிருச்சு. அதே ஆஸ்திரேலியாவுல 1926ல நிலத்தை மூடிக்கிட்டு இருந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க அர்ஜென்டினாவுல இருந்து கொண்டு வந்த அந்துப்பூச்சியை நல்லா சோதிச்சுப் பார்த்துட்டு விட்டாங்க, கோடிக்கணக்கான ஏக்கர் பத்து வருஷத்துக்குள்ள மீண்டுச்சு. சோதிச்சதுக்கும் சோதிக்காததுக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்தச் சோதனைக்கு ஆகிற காலத்தையும் காசையும்தான் ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கணும், பூச்சி வந்த பிறகு ஃபைல் திறந்தா விவசாயிக்கு ரெண்டு மூணு போகம் போயிரும்.

களைச்செடியை விட்டுட்டேன். அது ஒரு நாள்ல வந்து அழிக்காது, அதனால செய்தியே ஆகாது. பார்த்தீனியம் இந்தியாவுல 1950கள்ல பூனா பக்கம் கண்ணுல பட்டது, ஒரு செடி ஆயிரக்கணக்குல விதை போடும், இன்னைக்கு எத்தியோப்பியாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் மேய்ச்சல் நிலத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதைக் கையால பிடுங்கிற பொம்பளைங்க கையைப் பார்த்திருக்கீங்களா ஐயா, விரல் இடுக்கெல்லாம் செவந்து தடிச்சு, ராத்திரி தூங்க விடாம அரிக்கும், சிலருக்கு கண் இமை வீங்கி மூச்சே இளைக்கும். மாடு அதைத் தின்னா பால் கசக்கும். டாக்டர் செலவு "மருத்துவம்"னு ஒரு பக்கம், வாங்காம திருப்பி அனுப்பின பால் இன்னொரு பக்கம், வேலைக்கு வர முடியாத நாள் எந்தப் பக்கமும் இல்ல. கென்யாவுல பாரிங்கோ பக்கம் சீமைக்கருவேலம் மேய்ச்சலை மூடிட்டதால ஆடு வளர்க்கிற ஜனங்க கோர்ட்டுக்கே போனாங்க, காயைத் தின்னு தின்னு பல்லு கொட்டிப்போன ஆட்டைச் சாட்சியா கொண்டுபோய் நிறுத்தினாங்க. அவங்க நஷ்டத்தைக் காட்ட அவங்ககிட்ட வேற என்ன ரெக்கார்டு இருந்துச்சு, யாரு எழுதி வச்சிருந்தாங்க?

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவை புதுப் பூச்சி பத்தி செய்தி வரும்போது எத்தனை டன் குறைஞ்சதுன்னு கேட்டுட்டு நிறுத்திடாதீங்க, எத்தனை தடவை மருந்து அடிச்சாங்க, எத்தனை ஆள் கூலி போச்சு, யாரு அந்தப் பயிரையே விட்டுட்டாங்கன்னு உங்க நிருபரைக் கேக்கச் சொல்லுங்க. நிவாரணம் கொடுக்கறவங்களும் இன்சூரன்ஸ்காரங்களும் விளைச்சலை மட்டும் பார்த்து முடிவு பண்றாங்க, விளைச்சலைக் காப்பாத்தினவனுக்கு அதனாலயே ஒண்ணும் கிடைக்காமப் போகுது, கைவிட்டிருந்தா கிடைச்சிருக்கும். இப்படி ஒரு ஏற்பாடு சரியான்னு எழுதுங்க. ஒரு விவசாயி பேர் தெரியாத புழுவோட போட்டோ அனுப்பினா ரெண்டு மூணு நாளுக்குள்ள இன்னதுன்னு பதில் சொல்ற ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சு எழுதுங்க. முதல்ல பார்க்கறது எப்பவும் காட்டுல நிக்கிறவன்தான், விஞ்ஞானி இல்ல.

இந்தப் போகம் என் வரப்போரத்துச் செடியில இலைக்கு அடியில ஒரு பூச்சி பார்த்தேன், இதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்ல, வெள்ளைப் பொடி பூசின மாதிரி இருக்கு, தொட்டா குதிக்குது. வழக்கமா இருக்கிறதாவே இருக்கலாம். ஆறு பூச்சியை ஒரு பாட்டில்ல போட்டு, தேதி எழுதி ஒட்டி வச்சிருக்கேன், போட்டோவும் எடுத்து ரெண்டு இடத்துக்கு அனுப்பினேன், பதினெட்டு நாள் ஆச்சு, பதில் இல்ல. இந்த லெட்டரைப் படிக்கிற யாராவது பூச்சி தெரிஞ்சவங்க இருந்தா உங்க ஆபீஸ் மூலமா சொல்லி விடுங்க, பாட்டிலைக் கொண்டு வந்து காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு மக்காச்சோள விவசாயி